துப்பாக்கியை விட்டு இறங்காத டெடி

பதினெட்டு வயசுன்னு சொன்னா நமக்கு என்னவெல்லாம் ஞாபகம் வரும்? எஸ்.பி.எம். முடிவு, கார் லைசென்ஸ், முதல் சம்பளம், அம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய மோட்டார் சைக்கிள். நம்ம முகாம்களுக்கு வருகிற தம்பி தங்கைகளில் பாதிப் பேர் அந்த வயசுதான். வீட்டில் இன்னும் சின்னப் பிள்ளை என்றுதான் நினைப்பு. சாப்பிட்டியா, எத்தனை மணிக்கு வருவே என்று கேள்வி மேல் கேள்வி.

அதே பதினெட்டு வயசில் ஒருவர், மூழ்கிக்கொண்டிருந்த ஒரு போர்க்கப்பலில், எல்லாரும் கடலில் குதிக்கிற நேரத்தில், திரும்பி நடந்து போய்த் தன் துப்பாக்கிக்கு முன்னால் நின்றார். கப்பல் தண்ணீருக்குள் போகிற வரைக்கும் சுட்டுக்கொண்டே இருந்தார். அவர் பெயர் எட்வர்ட் ஷீன். வீட்டிலும் கப்பலிலும் டெடி. ஆஸ்திரேலியாவில் இன்று அவரைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அவர் செய்த காரியத்துக்கு உரிய மரியாதை கிடைக்க 78 ஆண்டுகள் ஆயின. அந்த இரண்டு கதையையும் சேர்த்தே இந்த மாதம் பார்ப்போம்.

பதினான்காவது பிள்ளை

ஆஸ்திரேலியாவின் வரைபடத்தை எடுத்தால், தெற்கே தனியாக ஒரு தீவு தெரியும். அதுதான் தாஸ்மேனியா. அந்தத் தீவின் வடக்குப் பகுதியில் லோவர் பாரிங்டன் என்ற சின்ன ஊரில் 1923 டிசம்பர் 28-ஆம் தேதி டெடி பிறந்தார். அப்பா ஜேம்ஸ் கூலி வேலை செய்தவர். அம்மா மேரி ஜேன். அந்த வீட்டில் டெடி பதினான்காவது பிள்ளை. ஆமாங்க, பதினான்கு! நம்ம பாட்டி காலத்துத் தோட்டத்து வீடுகளை நினைச்சுப் பார்த்தால் இது ஒன்றும் புதுசாகத் தெரியாது. மூத்தவர்கள் போட்ட சட்டை இளையவர்களுக்கு வரும். சோறு எல்லாருக்கும் பங்கு போட்டுத்தான்.

டெடி பிறந்த கொஞ்ச நாளில் குடும்பம் பக்கத்திலிருந்த லத்ரோப் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே கத்தோலிக்கப் பள்ளியில் படித்தார். படிப்பு முடிந்ததும் சுற்றுவட்டாரப் பண்ணைகளில் கிடைத்த வேலையைச் செய்தார். நிரந்தர வேலை இல்லை. கூப்பிட்டால் போவது, இல்லாவிட்டால் சும்மா இருப்பது. பின்னாளில் பெரிய வீரராக வருவார் என்று சொல்லும்படியாக அவருடைய சிறு வயதில் எதுவும் இல்லை. அதனால்தான் இவரைப் பற்றி எழுத ஆசைப்பட்டேன்.

1939-இல் ஐரோப்பாவில் போர் தொடங்கியது. ஷீன் வீட்டுப் பையன்கள் ஒவ்வொருவராகப் படையில் சேர்ந்தார்கள். டெடிக்கு முன்னால் ஐந்து அண்ணன்மார். நாலு பேர் தரைப்படை, ஒருவர் கடற்படை. 1941 ஏப்ரல் 21-ஆம் தேதி ஹோபார்ட் நகரில் டெடியும் கடற்படையின் சேமப் பிரிவில் பெயர் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 17. கிடைத்த பதவி சாதாரண மாலுமி. கடற்படைப் படிக்கட்டில் ஆகக் கீழே இருக்கிற படி.

தப்பித்த ஒரு ராத்திரி

தாஸ்மேனியாவில் ஆரம்பப் பயிற்சி முடிந்தது. 1942 பிப்ரவரியில் மேற்பயிற்சிக்காக விக்டோரியா மாநிலத்திலிருந்த கடற்படைத் தளத்துக்கு அனுப்பினார்கள். அந்தப் பிப்ரவரி நம்ம ஊருக்கும் மறக்க முடியாத மாதம். 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. நாலே நாள் கழித்து, 19-ஆம் தேதி, ஆஸ்திரேலியாவின் வடக்குத் துறைமுகமான டார்வின் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. அதே நாட்களில் டார்வினுக்கு நேர் எதிரே கடலுக்கு அப்பால் இருக்கும் திமோர் தீவிலும் ஜப்பானியப் படை இறங்கியது. அதுவரை தூரத்துப் போராக இருந்தது, ஆஸ்திரேலியர்களின் வாசலுக்கு வந்துவிட்டது.

மே மாதம் டெடியைச் சிட்னிக்கு மாற்றினார்கள். அவருக்கு ஒதுக்கப்பட்ட கப்பல் இன்னும் தயாராகவில்லை. அதனால் கார்டன் தீவில் நிறுத்தி வைத்திருந்த குட்டபுல் என்ற பழைய பயணிகள் படகில் மற்ற மாலுமிகளோடு தங்க வைத்தார்கள். இடையில் வீட்டுக்குப் போய்வர அவருக்கு விடுப்பு கிடைத்தது. அவர் ஊருக்குப் போயிருந்த நேரம், மே 31-ஆம் தேதி ராத்திரி, ஜப்பானின் குட்டி நீர்மூழ்கிகள் சிட்னித் துறைமுகத்துக்குள் நுழைந்தன. அவற்றில் ஒன்று விட்ட டார்ப்பிடோ வெடித்ததில் குட்டபுல் மூழ்கியது. உள்ளே படுத்திருந்தவர்களில் 21 மாலுமிகள் இறந்தார்கள்.

அந்த விடுப்பு இல்லையென்றால் டெடியும் அங்கேதான் தூங்கியிருப்பார். ஊரிலிருந்து திரும்பி வந்தபோது அவர் பாய் விரித்திருந்த இடம் தண்ணீருக்கு அடியில் இருந்தது. நம்ம வீடுகளில் இதுபோல் ஒன்று நடந்தால், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு, இனிமேல் அந்த வேலையே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். டெடி மறுபடி கடற்படைக்கே வந்தார்.

ஜூன் 11-ஆம் தேதி புத்தம் புதுக் கப்பலான ஆர்மிடேல் பணியில் சேர்ந்தது. டெடிக்கு அதுதான் முதல் கப்பல். அதுவே கடைசியும். ஆர்மிடேல் பெரிய போர்க்கப்பல் இல்லை. கொர்வெட் என்று சொல்லும் சின்ன வகை. நீளம் ஏறக்குறைய 56 மீட்டர். கண்ணிவெடிகளை அகற்றுவது, சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போவது, ஆட்களை ஏற்றி இறக்குவது என்று எல்லா வேலைக்கும் ஓடும் கப்பல். டெடியின் வேலை ஓர்லிகன் என்ற விமான எதிர்ப்புத் துப்பாக்கிக்குக் குண்டு நிரப்புவது. கப்பலின் பின்பக்கத்தில் இருந்த 20 மில்லிமீட்டர் துப்பாக்கி அது. சுடுகிறவர் வேறு ஒருவர். அவருக்கு எடுத்துக் கொடுக்கிற ஆள் டெடி. இதை மனசில் வச்சுக்குங்க, பிறகு தேவைப்படும்.

பெட்டானோவுக்கு ஒரு பயணம்

திமோரை ஜப்பானியர் பிடித்துவிட்டாலும், அங்கே ஒரு சிறு ஆஸ்திரேலியப் படை சரணடையாமல் மலைகளில் ஒளிந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அவர்களோடு டச்சுக்காரர்களின் படையும் இருந்தது. உள்ளூர் திமோர் மக்கள் சோறு கொடுத்தார்கள், வழி காட்டினார்கள், சுமை தூக்கினார்கள். அதற்கு அந்த மக்கள் கொடுத்த விலை பயங்கரமானது. போர் முடிவதற்குள் பல்லாயிரம் திமோர் மக்கள் செத்துப்போனார்கள்.

1942 நவம்பர் கடைசியில், களைத்துப்போன அந்தப் படையை வெளியே கொண்டுவர முடிவானது. அவர்களோடு டச்சுப் படையினரையும், போர்த்துகீசிய அகதிகளையும் ஏற்றி வர வேண்டும். பதிலுக்குப் புதிய ஆட்களை இறக்க வேண்டும். இடம், திமோரின் தெற்குக் கரையில் பெட்டானோ விரிகுடா. ஆபத்தான இடம். இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் வாயேஜர் என்ற பெரிய ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் அங்கே தரைதட்டி, திரும்ப எடுக்க முடியாமலே போயிருந்தது.

இந்த வேலைக்குக் கிளம்பியவை மூன்று: காசில்மெயின், ஆர்மிடேல் என்ற இரண்டு கொர்வெட்டுகள், குரு என்ற சிறு படகு. நவம்பர் 29-ஆம் தேதி இரண்டு கொர்வெட்டுகளும் டார்வினிலிருந்து புறப்பட்டன. ஆர்மிடேலில் மொத்தம் 149 பேர். அதில் கப்பல் மாலுமிகள் 83 பேர்தான். மற்றவர்கள் மூன்று ஆஸ்திரேலியத் தரைப்படையினர், இரண்டு டச்சு அதிகாரிகள், அவர்களோடு டச்சுக் கிழக்கிந்தியப் படையின் 61 சிப்பாய்கள். இன்று நாம் இந்தோனேசியா என்று சொல்கிற தீவுகளைச் சேர்ந்தவர்கள் அந்தச் சிப்பாய்கள்.

வழியிலேயே விமானங்கள் தாக்கின. தப்பித்து, டிசம்பர் 1-ஆம் தேதி விடியும் முன் பெட்டானோவுக்குப் போனால், அங்கே குருவைக் காணோம். பிறகு கடலில் சந்தித்தார்கள். குருவில் ஏற்கனவே அகதிகள் இருந்தார்கள். அவர்களைக் காசில்மெயினுக்கு மாற்றினார்கள். அகதிகளோடு காசில்மெயின் டார்வினுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. திமோரில் இறக்க வேண்டிய சிப்பாய்கள் ஆர்மிடேலில் இருந்தார்கள். அதனால் ஆர்மிடேல் திரும்ப முடியாது. அன்று ராத்திரி மறுபடி பெட்டானோவுக்குப் போக வேண்டும் என்று உத்தரவு. பகல் முழுக்க, எதிரி விமானங்கள் பறக்கிற கடலில், தனியாக. விமானப் பாதுகாப்பு கேட்டுச் செய்தி அனுப்பினார்கள். உருப்படியான பாதுகாப்பு எதுவும் வந்து சேரவில்லை.

1942 டிசம்பர் 1, பிற்பகல்

பிற்பகல் 2 மணிக்குச் சற்று முன்னால் விமானங்கள் வந்தன. பதின்மூன்றுக்குக் குறையாது. குண்டு வீசும் விமானங்கள், டார்ப்பிடோ போடும் விமானங்கள், சண்டை விமானங்கள் எல்லாம் இருந்தன. கப்பல் தலைவர் டேவிட் ரிச்சர்ட்ஸ் கப்பலை இடமும் வலமும் திருப்பித் திருப்பி ஓட்டினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படித் தப்பித்தார்கள். 3 மணி 15 நிமிடம் இருக்கும், ஒரு டார்ப்பிடோ இடப்பக்கம் அடித்தது. அடுத்தது இயந்திர அறைப் பக்கம். பிறகு ஒரு குண்டு பின்பகுதியில் விழுந்தது. கப்பல் இடப்பக்கமாகச் சாயத் தொடங்கியது. கப்பலைக் கைவிடும்படி உத்தரவு வந்தது.

இந்த உத்தரவு வந்த பிறகு மாலுமிக்குக் கடமை முடிந்தது. உயிரைக் காப்பாற்றிக்கொள்ளலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். டெடியும் முதலில் அதைத்தான் செய்யப் போனார். ஒரு மிதவையை அவிழ்த்து விட மற்றவர்களுக்குக் கை கொடுத்தார். ஆனால் அந்த நேரத்தில் ஜப்பானிய விமானங்கள் போகவில்லை. தாழப் பறந்து வந்து, தண்ணீரில் தத்தளித்துக்கொண்டிருந்தவர்களை இயந்திரத் துப்பாக்கியால் சுட்டன. டெடிக்கும் நெஞ்சிலும் முதுகிலும் காயம்.

அவர் கடலில் குதிக்கவில்லை. திரும்பினார். சாய்ந்துகொண்டிருந்த தளத்தில் ஏறி, கப்பலின் பின்பக்கம் இருந்த ஓர்லிகனுக்குப் போனார். தோள்வாரை மாட்டித் தன்னைத் துப்பாக்கியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். குண்டு நிரப்பிக் கொடுக்கும் ஆளாக இருந்தவர் இப்போது தானே சுடத் தொடங்கினார். ஒரு விமானம் அடிபட்டுக் கடலில் விழுந்தது. மற்ற விமானங்கள் அவர் சுடுகிற எல்லைக்குள் நெருங்கத் தயங்கின. அந்தச் சில நிமிடங்களில் தண்ணீரில் இருந்தவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்தது.

கட்டிக்கொண்டால் கப்பலோடு போக வேண்டியதுதான் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? கப்பலின் பின்பகுதி தண்ணீருக்குள் இறங்கியது. கால் நனைந்தது, இடுப்பு நனைந்தது. துப்பாக்கி நிற்கவில்லை. அவர் தண்ணீருக்குள் மறைந்த பிறகும் குண்டுகளின் ஒளிக்கீற்று கடலுக்குள்ளிருந்து மேலே சீறி வந்ததைப் பார்த்ததாக உயிர் பிழைத்தவர்கள் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆர்மிடேல் பணியில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. டெடியின் பத்தொன்பதாவது பிறந்த நாளுக்கு இன்னும் 27 நாள் இருந்தது.

கடலில் மிதந்தவர்கள்

டெடியின் கதை அங்கே முடிந்தது. ஆனால் அவர் யாரைக் காப்பாற்றப் பார்த்தாரோ, அவர்கள் கதை முடியவில்லை. கடலில் இருந்தவர்களிடம் ஒரு மோட்டார் படகு, ஓட்டையை அடைத்து மிதக்கவிட்ட ஒரு துடுப்புப் படகு, உடைசல்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை ஆகியவை மட்டுமே இருந்தன. குடிக்கத் தண்ணீர் மிகக் குறைவு. மேலே வெயில், சுற்றிலும் சுறாமீன். உதவி தேடி முதலில் மோட்டார் படகு கிளம்பியது. பிறகு துடுப்புப் படகு. பல நாள் கடலில் அலைந்த பிறகு அந்த இரண்டையும் கல்கூர்லி என்ற கப்பல் காப்பாற்றியது.

மிதவையில் இருந்தவர்களை ஒரு விமானம் கண்டுபிடித்தது. விமானத்திலிருந்து அவர்களைப் புகைப்படமும் எடுத்தார்கள். கையசைத்துக்கொண்டு, பாதி உடம்பு தண்ணீரில் இருக்கிற மனிதர்கள். அலை அதிகமாக இருந்ததால் விமானம் கடலில் இறங்க முடியவில்லை. கப்பல் போய்ப் பார்த்தபோது மிதவை இல்லை. அவர்களில் ஒருவரும் திரும்பி வரவில்லை. அந்தப் படம் மட்டும் இன்றும் இருக்கிறது.

149 பேரில் பிழைத்தவர்கள் 49 பேர். இறந்த நூறு பேரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த அந்தச் சிப்பாய்கள். ஆர்மிடேல் என்று சொன்னதும் டெடியின் பெயர் வருகிறது; அது நியாயம்தான். ஆனால் யாரோ ஒரு கம்பத்தில் மகனுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருந்த அந்தத் தாய்மார்களையும் நினைக்காமல் இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

ஒரு பதக்கத்துக்கு 78 வருஷம்

இவ்வளவு பெரிய காரியத்துக்கு டெடிக்கு அன்று என்ன கிடைத்தது? போர் அறிக்கையில் பெயர் குறிப்பிடும் மரியாதை. அவ்வளவுதான். பதக்க வரிசையில் அது மிகக் கீழே இருக்கும் ஒன்று.

இங்கே ஒரு விஷயத்தைத் தெரிஞ்சுக்கணும். பிரிட்டிஷ் முறையில் அந்தப் போரின்போது, போரில் இறந்துபோன ஒருவருக்குப் பொதுவாக இரண்டே மரியாதைகள்தான் கொடுக்க முடியும். ஒன்று, ஆக உயர்ந்த விக்டோரியா சிலுவை. இன்னொன்று, அறிக்கையில் பெயர் குறிப்பிடுவது. நடுவில் இருக்கிற பதக்கங்கள் எல்லாம் உயிரோடு இருப்பவர்களுக்கு. அதாவது உச்சிக்கு எட்டவில்லை என்று அதிகாரிகள் நினைத்தால், நேரே கீழ்ப்படிக்குத்தான் வர வேண்டும். போதாததற்கு, ஆஸ்திரேலியக் கடற்படைக்காரர்கள் யாருக்கும் அந்தப் போரில் விக்டோரியா சிலுவை கிடைக்கவில்லை. தரைப்படைக்கும் விமானப்படைக்கும் கிடைத்தது.

கப்பல் போய்விட்டது. பார்த்தவர்களில் பெரும்பாலோர் கடலில் போய்விட்டார்கள். பிழைத்தவர்களும் ஆளுக்கொரு மூலையிலிருந்து, எண்ணெய் படிந்த தண்ணீரில் தலையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு பார்த்தவர்கள். கப்பல் தலைவர் எழுதுகிற அறிக்கையில் எந்தெந்த வரி இடம்பெறுகிறதோ, அதுதான் லண்டன் வரைக்கும் போகும். எழுதாமல் விட்டது போகாது. சாதாரண மாலுமி, பண்ணைக்கூலி வீட்டுப் பையன். அவருக்காகப் பேச அன்று பெரிய இடத்தில் ஆள் இல்லை.

ஆனால் பிழைத்தவர்கள் மறக்கவில்லை. அவர்கள் சொல்லச் சொல்லக் கதை பரவியது. ஓவியர் டேல் மார்ஷ் 1978-இல் டெடி துப்பாக்கியோடு நிற்கும் காட்சியை வரைந்தார். அந்த ஓவியம் கான்பராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கிறது. சொந்த ஊரான லத்ரோப்பில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுந்தது. 1999-இல் கடற்படையின் புதிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று நீரில் இறங்கியபோது, அதற்கு ஷீன் என்று பெயர் வைத்தார்கள். அதுவரை ஆஸ்திரேலியக் கடற்படைக் கப்பல் எதற்கும் ஒரு சாதாரண மாலுமியின் பெயரை வைத்ததில்லை. அதை நீரில் இறக்கி வைத்தவர் டெடியின் சகோதரி.

பெயர் கிடைத்தது, படம் கிடைத்தது, சிலுவை மட்டும் கிடைக்கவில்லை. 2001-இல் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தது, நிறைவேறவில்லை. பிறகு விடுபட்ட வீரர்கள் பலருடைய வழக்குகளை ஒரு தீர்ப்பாயம் ஒன்றாக எடுத்து விசாரித்தது. 2013-இல் அது முடிவு சொன்னது. டெடியின் வீரத்தை யாரும் மறுக்கவில்லை. ஆனால் சிலுவைக்குப் பரிந்துரை இல்லை.

இத்தனைக்குப் பிறகு நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? சரி விடுப்பா, செத்தவருக்குப் பதக்கம் எதுக்கு என்று சொல்லியிருப்போம். டெடியின் அக்காள் மகன் விடவில்லை. தாஸ்மேனியா மக்களும் விடவில்லை. மறுபடி மனு போட்டார்கள். 2019-இல் தீர்ப்பாயம் புதிதாக விசாரித்து, இந்த முறை சிலுவை கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. அப்பாடா என்று மூச்சு விடும் நேரத்தில், 2020 மே மாதம், அரசாங்கம் அதை ஏற்க மறுத்தது.

மறுத்ததற்கும் காரணம் இருந்தது. பழைய முடிவை மாற்ற வேண்டுமானால் புதிய ஆதாரம் வேண்டும். ஒரு வழக்கைத் திறந்தால் எத்தனையோ வழக்குகளைத் திறக்க வேண்டி வரும். அன்று களத்தில் இருந்தவர்கள் எடுத்த முடிவை, எண்பது வருஷம் கழித்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் எப்படி மாற்றுவது? இந்தக் கேள்விகளைத் தப்பு என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பதக்கத்தின் மதிப்பே அதை எளிதாகக் கொடுக்காமல் இருப்பதில்தானே இருக்கிறது?

ஆனால் மக்கள் பக்கமிருந்து எதிர்ப்பு பலமாக வந்தது. பிரதமர் ஸ்காட் மோரிசன், போர் நினைவகத்தின் முன்னாள் இயக்குநர் பிரெண்டன் நெல்சன் தலைமையில் ஒரு நிபுணர் குழுவை அமைத்தார். ஆதாரங்களை முதலிலிருந்து பார்த்த அந்தக் குழு, டெடிக்குச் சிலுவை கொடுக்க வேண்டும் என்று சொன்னது. 2020 ஆகஸ்ட் 12-ஆம் தேதி எலிசபெத் மகாராணி ஒப்புதல் கொடுத்தார். ஆஸ்திரேலியக் கடற்படையில் விக்டோரியா சிலுவை பெற்ற முதல் ஆள் டெடிதான்.

அதே ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி, ஆர்மிடேல் மூழ்கி சரியாக 78 ஆண்டுகள் முடிந்த நாளில், கான்பராவில் தலைமை ஆளுநர் அந்தப் பதக்கத்தை டெடியின் குடும்பத்தாரிடம் கொடுத்தார். அவரைப் பெற்றவர்கள் அதைப் பார்க்க இருக்கவில்லை.

நமக்கு என்ன இதில்?

நம்ம முன்னோர்கள் போரில் விழுந்தவனுக்கு நடுகல் நட்டார்கள். பேரும் அவன் செய்த காரியமும் கல்லில் இருக்கும். ராஜா மகனா, மாடு மேய்க்கிறவனா என்று கல் பார்க்காது. ஊர் மாட்டை மீட்கப் போய்ச் செத்த சாதாரண ஆளுக்கும் கல் உண்டு. டெடியின் கதையைப் படித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. 78 வருஷமாக ஒரு குடும்பமும் ஒரு சின்ன ஊரும் சேர்ந்து ஒரு கல் நடப் பாடுபட்டிருக்கிறார்கள்.

டெடியிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது என்ன என்று கேட்டால், எல்லாரும் உயிரைக் கொடுங்க என்று நான் சொல்ல மாட்டேன். போரைப் புகழவும் மாட்டேன். அன்று மேலே பறந்தவர்களுக்கும் அம்மா இருந்தாள். நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பிற்பகலில் டெடி கடற்படைக்காகவோ பதக்கத்துக்காகவோ திரும்பி நடக்கவில்லை. தண்ணீரில் கிடந்தவர்கள் அவருக்குத் தெரிந்தவர்கள். காலையில் ஒன்றாகத் தேநீர் குடித்தவர்கள். அவர்களைச் சுடுகிறார்கள், தடுக்க ஒரு துப்பாக்கி இருக்கிறது, அதை இயக்கத் தனக்குத் தெரியும். அவ்வளவுதான் கணக்கு. குண்டு நிரப்புவது மட்டும்தான் என் வேலை, சுடுவது என் வேலை இல்லை என்று அவர் நினைத்திருக்கலாம். நினைக்கவில்லை. நம்ம வாழ்க்கையில் கப்பல் மூழ்காது. ஆனால் பள்ளியில் ஒரு பையனை நாலு பேர் சேர்ந்து வதைக்கும்போது, நண்பன் ஒருவன் தப்பான கும்பலில் மாட்டிக்கொள்ளும்போது, அது என் வேலை இல்லை என்று நாமும் படகில் ஏறிவிடுகிறோம். திரும்பி நடக்கிற அந்த ரெண்டு அடிதான் கஷ்டம்.

இன்னொரு விஷயம் டெடியின் தோழர்களிடமிருந்து. பிழைத்தவர்கள் சொன்னதால்தான், கேட்டவர்கள் எழுதி வைத்ததால்தான் இன்று இந்தக் கதை நம்மிடம் இருக்கிறது. அதே போரில், அதே 1942, 1943-இல், நம்ம தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டு போனார்கள். போனவர்களில் திரும்பாதவர்கள் எத்தனையோ பேர். அங்கேயும் ஒரு டெடி இருந்திருப்பார். காய்ச்சலில் விழுந்தவனை விட்டுப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்த ஒருவர். அவர் பெயர் நமக்குத் தெரியாது, ஏனென்றால் யாரும் கேட்டு எழுதவில்லை.

வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், இந்த வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி அவர்களுடைய அப்பா அம்மா என்ன சொன்னார்கள் என்று கேளுங்க. கைப்பேசியில் பதிவு பண்ணுங்க. பெயர், ஊர், தோட்டம், வருஷம் எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்க. டெடிக்குச் சிலுவை வாங்கிக் கொடுத்ததும் கடைசியில் அப்படி யாரோ எழுதி வைத்த சில பக்கங்கள்தான்.